பெயர் மாற்றி அனுப்பிய டப்பா

முத்திரை மாமா தன் மலத்தை என் அப்பாவின் பெயரில் அனுப்பினார். அப்பாவுடையதைத் தன் பெயரில் அனுப்பினார். இதைப் படித்து யாராவது முகம் சுளித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. நானும் சுளித்தவள்தான், ஆனால் மலத்துக்காக அல்ல. குடல் நோய் மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்க்கும் பிரிவின் வரவேற்பு மேஜையில் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மலம் எனக்குப் பேனா, காகிதம் மாதிரி ஓர் அலுவலகப் பொருள்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற ஆய்வாளராக முப்பத்து மூன்று வருடம் இருந்தார். பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். சந்தேகத்திலிருந்து ஓய்வு பெறவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் குளியலறைத் தராசில் ஏறி இறங்கி, "இருநூறு கிராம் பொய் சொல்லுது" என்று அறிவித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். காய்ச்சல் வந்தால் இரண்டு தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பார். இரண்டும் வேறு வேறு அளவு காட்டினால் தனக்குக் காய்ச்சலே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். மாமி இறந்த பிறகு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். தூக்கம் அங்கே, சாப்பாடும் சண்டையும் எங்கள் வீட்டில்.

அப்பா நேர் எதிர். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லும் வேலையில் இருந்தவர். யார் யாரோ செய்த தாமதத்துக்கெல்லாம் முப்பது வருடம் குழைந்த குரலில் வருத்தம் தெரிவித்தவர். கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் மன்னிப்புக் கேட்கிற ஜாதி.

டப்பாக்களை வீட்டுக்குக் கொண்டு வந்தது நான்தான். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பெருங்குடல் புற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள, மலத்தில் உதிர்ந்து வரும் டிஎன்ஏவைச் சோதிக்கும் டப்பா அது. ஊழியர் வீட்டுப் பெரியவர்களுக்கென்று ஆளுக்கு இரண்டு கொடுத்தார்கள். கூடவே ஒரு துண்டுப் பிரசுரம். அதன் அட்டையில் நரைத்த தம்பதி ஒன்று புல்வெளியில் நின்று பல் தெரியச் சிரிக்கும். தன் மலத்தைத் தானே அள்ளிக் கூரியரில் போட்டுவிட்டு வந்த எவரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உள்ளே பெரிய எழுத்தில், புற்று இருக்கிற நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு மேல் இது கண்டுபிடித்துவிடும் என்று போட்டிருக்கும். மற்றதெல்லாம் பின்பக்கத்தில், எறும்புகள் படிப்பதற்காக அச்சிட்ட எழுத்தில் இருக்கும். குடலின் உட்சுவரில் முளைத்து நாளைக்குப் புற்றாக மாறக்கூடிய பெரிய பாலிப்புகளில் பாதிக்கும் குறைவாகத்தான் இது பிடிக்கும். ஒன்றுமே இல்லாத நூறு பேரில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஏதோ இருக்கிறது என்று வரும். இருக்கிறது என்று வந்தால் கொலனோஸ்கோபி, அதாவது குடலுக்குள் குழாய் விட்டு, பார்த்தே ஆக வேண்டும். ஏற்கெனவே ரத்தம் போகிறவர்கள் இந்த டப்பாவைத் தொடாமல் நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

மாமா அந்த எறும்பு எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்.

"ஏம்மா, நூத்துல தொண்ணூறுன்னு போட்டிருக்கான். யாரு எண்ணினது? அவனே எண்ணி அவனே போட்டுக்கிட்டானா?"

"ஆயிரக்கணக்கான பேருக்கு இதையும் செஞ்சு, குழாயும் விட்டுப் பாத்து, ரெண்டையும் ஒப்பிட்டிருக்காங்க மாமா."

"கடைக்காரனும் அப்படித்தான் சொல்லுவான். ஆயிரம் பேருக்கு நிறுத்தேன், ஒருத்தரும் குறை சொல்லலைன்னு."

அப்பா நடுவில் வந்தார். "விடுங்க மச்சான். பொண்ணு ஆசையா கொண்டு வந்திருக்கு."

"வேற வீட்டுப் பொண்ணுங்க அப்பனுக்கு ஆசையா சட்டை எடுத்துக்கிட்டு வருதுங்க, மாப்பிள்ளை. உன் பொண்ணு பாரு, எதை எடுத்துக்கிட்டு வரச் சொல்லுதுன்னு."

படிவத்தில் 'மலத்தில் ரத்தம் போகிறதா?' என்று ஒரு கேள்வி. மாமா 'இல்லை' என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு குறி போட்டார். அப்போது அவருக்கு ஏழு மாதமாக ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஒரு கடைக்காரன் ஐந்து கிராம் மறைத்தால் தராசைப் பறிமுதல் செய்கிறவர் இவர்.

அவருடைய தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சந்தேகமான கடைக்கு ஆய்வாளர் நேராகப் போக மாட்டார். அவர் தலையைக் கண்டதும் தராசு ஒழுக்கமாகிவிடும். அறிமுகமில்லாத ஒருவரை அனுப்பி ஒரு கிலோ வாங்கிவரச் சொல்லி, தெருமுனையில் நின்று தன் எடைக்கல்லை வைத்துப் பார்ப்பார். இதற்குப் பொறி வைப்பது என்று பெயர். அந்தப் பொறியை மாமா ஆய்வகத்துக்கும் வைத்தார். ஆய்வகத்தில் எவனும் டப்பாவைத் திறக்கவே மாட்டான், மூக்கைப் பிடித்துக்கொண்டு படிவத்தை மட்டும் பார்த்து முடிவு எழுதுவான் என்பது அவர் சித்தாந்தம். தன்னைப் போல வயது அறுபத்தெட்டு, நாற்பது வருடம் சிகரெட் பிடித்தவர் என்றால் 'இருக்கிறது'. அப்பாவைப் போல அறுபத்து இரண்டு, தண்ணீரைத் தவிர வேறு பழக்கம் இல்லாதவர் என்றால் 'இல்லை'. இரண்டு டப்பாவையும் மாற்றி அனுப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"பேரை நான் எழுதி ஒட்டறேன், மாப்பிள்ளை. உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்" என்று இரண்டு டப்பாக்களையும் வாங்கிக்கொண்டு போனார். அப்பா நன்றி சொன்னார்.

இரண்டு வாரத்தில் முடிவுகள் வந்தன. மாமாவின் பெயரில்: இல்லை. அப்பாவின் பெயரில்: இருக்கிறது.

மாமா இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அப்புறம் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அதை அம்மா பாசம் என்று எடுத்துக்கொண்டாள். "எங்கண்ணன் வெளியில காட்டிக்க மாட்டாரு, உள்ளுக்குள்ள உருகிடுவாரு" என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னாள். உண்மையில் மாமா வைத்த பொறி ஒழுங்காக வேலை செய்திருந்தது. ஆய்வகம் டப்பாவைத் திறந்துதான் பார்த்திருக்கிறது. நேர்மையான தராசு. அதில் ஏறி நின்றது தான் என்பதுதான் மாமாவின் கஷ்டம்.

அப்பாவுக்குக் குழாய் விட ஒன்பதாம் நாள்தான் இடம் கிடைத்தது. அந்த ஒன்பது நாளும் அப்பா ஒவ்வொன்றாக விடைபெற்றார். வெந்நீர் எந்திரம் நின்றுபோனால் எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்று அம்மாவுக்கு நான்கு தடவை செய்து காட்டினார். பதினோரு வருடமாகப் பேசாத தம்பிக்குப் போன் செய்து, யார் மேல் தப்பு என்று இருவருக்குமே ஞாபகம் இல்லாத ஒரு சண்டைக்கு மன்னிப்புக் கேட்டார். சாயங்காலங்களில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்கு மேல் மேகங்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மேகங்களுக்கு நேர அட்டவணை இல்லாதது அவருக்குப் பிடித்திருந்தது போலும். கூப்பிட்டால் திரும்ப வெகுநேரம் ஆகும்.

நான் என் மேஜை அனுபவத்தைச் சொல்லிப் பார்த்தேன். 'இருக்கிறது' என்று தாளைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒன்றும் இல்லாமல் சிரித்துக்கொண்டு போகிறார்கள், மற்றவர்களிலும் பெரும்பாலானோருக்குப் பாலிப்தான் என்றேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, நீ பயப்படாதே" என்றார்.

ஒருநாள் சாப்பிடும்போது மாமாவிடம் சொன்னார். "எனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா, மச்சான், இவங்க ரெண்டு பேரையும் நீங்கதான்..."

"சும்மா இரு மாப்பிள்ளை. உனக்கு ஒண்ணும் இருக்காது."

"எப்படிச் சொல்றீங்க?"

"சொல்றேன்னா சொல்றேன். அந்த அப்பளத்தை இப்படித் தள்ளு."

எவ்வளவு தைரியமான மனிதர் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உலகத்திலேயே அந்த ஒரு ஆளுக்குத்தான் அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று தெரியும். தெரிந்தும் அப்பளம் கேட்டார்.

ஒன்பதாம் நாள் அப்பாவின் குடலுக்குள் குழாய் போய்விட்டு வந்தது. டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி, "பளிங்கு மாதிரி இருக்கு. உங்க வயசுல இப்படி ஒரு குடல் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார். டெஸ்ட் ஏன் அப்படிச் சொன்னது என்று கேட்டதற்கு, "நூத்துல பத்துப் பன்னண்டு பேருக்கு இப்படி வரும். அதுல நீங்க ஒருத்தர்" என்றார். அவரிடம் சொல்லப்பட்ட விவரத்தை வைத்து அவர் வேறென்ன சொல்ல முடியும்? சிரமம் கொடுத்ததற்கு அப்பா அவரிடமும், நர்ஸிடமும், படுத்திருந்த கட்டிலைத் தள்ளியவரிடமும் வருத்தம் தெரிவித்தார்.

மாமா அன்று எங்கள் கூடத்தின் நடுவில் நின்று பேசினார். "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? பொய்த் தராசு! ஒரு நல்ல மனுஷனை ஒன்பது நாள் சாகடிச்சுட்டானுங்க." குரல் தழுதழுத்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நிஜமாகவே தழுதழுத்தது.

நான்கு நாள் கழித்து அவர் என் மேஜைக்கு வந்தார். டோக்கன் எடுத்து, வரிசையில் உட்கார்ந்து, எண் கூப்பிட்ட பிறகு வந்தார்.

"ஏம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஒருத்தன் சாமானை இன்னொருத்தன் பேர்ல அனுப்பிட்டா, ரிசல்ட் யாரைச் சேரும்?"

"சாமான் யாரோடதோ அவரை."

"ஓ." மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினார். "சரி, அப்போ எனக்கு இன்னொரு டப்பா குடு."

எனக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆனது. புரிந்த பிறகு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பின்னால் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா. அப்பா பேர்ல போனது யாரோட டப்பா?"

"அதான் சொல்றேனே. லேபைச் சோதிக்கறதுக்காக..."

"ரத்தம் போகுதா உங்களுக்கு?"

"மெல்லப் பேசு. பைல்ஸ்."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

"இதுக்கு டாக்டர் எதுக்கு? நான்தான் சொல்றேன்."

"எத்தனை நாளா?"

"ஏழெட்டு மாசம். அதை விடு, டப்பா குடு. ஒரு தடவை நிறுத்துப் பாத்து முடிவு சொல்லக் கூடாதும்மா. மூணு தடவை நிறுத்துச் சராசரி எடுக்கணும். விதி அது."

"இல்லைன்னு வர்ற வரைக்கும் நிறுத்துக்கிட்டே இருப்பீங்க. வந்ததும் அதைச் சட்டம் போட்டு மாட்டுவீங்க. அப்படித்தானே? இருக்குன்னு வந்தாச்சுன்னா அடுத்தது குழாய்தான் மாமா. வேற பேச்சே கிடையாது. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம நீங்க நின்னுக்கிட்டிருக்கீங்க. ஏழு மாசமா ரத்தம் வேற. பயமா இல்லையா?"

"சார், உங்க குடும்ப விஷயத்தை வீட்டுல வெச்சுக்கக் கூடாதா?" என்றார் அவருக்குப் பின்னால் டோக்கனோடு நின்றவர். "நான் வெறும் வயித்தோட வந்திருக்கேன்."

மாமா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு காலத்தில் கடைக்காரர்கள் நடுங்கியிருப்பார்கள். வெறும் வயிற்றுக்காரர் நடுங்கவில்லை.

மாமா குனிந்தார். "குழாயே விட்டுக்கறேன். ஆனா உங்கப்பாவுக்குத் தெரியக் கூடாது."

புற்று இருந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கவலை இருந்திருக்கும். அதைவிடப் பெரிய கவலை, ஒரு சாதுவான மனிதன் தன்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுவானோ என்பது. ஆனால் எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு: மயக்க ஊசி போட்ட பிறகு கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப்போக ஒரு துணை வேண்டும். துணை இல்லையென்றால் கட்டிலில் ஏற்ற மாட்டார்கள்.

"நீதான் இருக்கியே."

"இங்க வேலை பாக்கறவங்க துணைக்குக் கையெழுத்துப் போடக் கூடாது மாமா. விதி அது."

அம்மாவிடம் சொல்வது அப்பாவிடம் சொல்வதுதான். நண்பர் என்று ஒருவரும் இல்லை. நண்பராகி இருக்கக்கூடியவர்களின் தராசையெல்லாம் பறிமுதல் செய்தாயிற்று. மூன்று நாள் அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நான்காம் நாள் காலையில் வந்தார், குளியலறைத் தராசைத் தொடாமல் நேராக உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, நான் அந்த லேபைச் சோதிச்சுப் பாத்தேன். நியாயமான லேப்தான்."

"அப்படியா மச்சான்?" என்றார் அப்பா, அக்கறையாக.

"உன் டப்பாவுல என் பேரும் என் டப்பாவுல உன் பேரும் போட்டு அனுப்பினேன்."

அப்பா சிரித்தார். எங்களைப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை, அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. சிரிப்பு அப்பாவின் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அண்ணே, என்ன சொல்றே நீ?" என்றாள் அம்மா.

"இரு, இரு" என்று அப்பா அவளை நிறுத்தினார். மாமாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "அந்த ஒன்பது நாள்ல, மச்சான், நீங்க இந்த வீட்டுல எத்தனை வேளை சாப்பிட்டீங்க?"

மாமா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"காலையிலயும் ராத்திரியும். பதினெட்டு வேளை" என்றார் அப்பா.

"பதினேழு" என்றார் மாமா. "முதல் நாள் ராத்திரி சாப்பிடல."

அளவு சரியாக இருக்க வேண்டும் அவருக்கு. அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அந்த அறையில் அன்று யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கென்றே பிறந்த மனிதரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய மனிதரும் கேட்கவில்லை. அப்பா திரும்பாமலே என்னிடம், "முதல்ல கிடைக்கிற நாளைப் போடும்மா. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

வயிற்றைக் கழுவும் மருந்தை அப்பாதான் கலக்கினார். அதன் சுவை, உப்புக் கடலில் எலுமிச்சம்பழ சோப்பைக் கரைத்தது போல இருக்கும். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் பேசிய அதே குரலில், "பயணியின் கவனத்திற்கு. அடுத்த டம்ளர் இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்" என்றார்.

"மாப்பிள்ளை, போதும்டா. குமட்டுது."

"இன்னும் ஆறு டம்ளர் வர வேண்டியுள்ளது. தாமதம் எதுவும் இல்லை."

அம்மா சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகையா சிரிப்பா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

மாமாவின் குடலின் இடப்பக்கத்தில், தண்டோடு கூடிய காளான் மாதிரி ஒரு பாலிப் இருந்தது. மூன்று சென்டிமீட்டர். கம்பிச் சுருக்குப் போட்டு அறுத்து எடுத்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்து மாமாவின் படிவத்தையும் அப்பாவின் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

"பைல்ஸாம்! இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா நான் இதைப் பாலிப்னே சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். "இது புத்தா இல்லையான்னு சதைப் பரிசோதனை வந்தாத்தான் தெரியும். இவரு என்ன வேலை பாத்தாரு?"

சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

எனக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. டப்பாவின் முடிவு சரியா தப்பா என்று குழாய் விட்ட பிறகு டப்பாவைத் தயாரிக்கும் கம்பெனிக்கு எழுதி அனுப்ப வேண்டும். என் பதிவேட்டில் இருந்த இரண்டு வரிகளைப் பார்த்தேன். அப்பா பெயருக்கு நேரே: இருக்கிறது என்றது, ஒன்றும் இல்லை. மாமா பெயருக்கு நேரே: இல்லை என்றது, மூன்று சென்டிமீட்டர் பாலிப். இரண்டு முறையும் சரியாகச் சொன்ன சோதனை, தாளில் இரண்டு முறையும் தோற்றுப்போயிருந்தது. இந்த இரண்டு வரியும் அப்படியே போனால், எங்கோ ஒரு அறையில் யாரோ இவற்றையும் சேர்த்து எண்ணி, எறும்பு எழுத்தில் ஒரு சதவீதம் அச்சிடுவார்கள். திருத்த வேண்டுமானால் மாமாவின் கையெழுத்து வேண்டும்.

மயக்கம் தெளிந்து திரைக்குப் பின்னால் படுத்திருந்த மாமா, பக்கத்துக் கட்டில்காரரிடம், "லேப் நம்பகமானதுதான் சார், நானே சோதிச்சுப் பாத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். படிவத்தை நீட்டினேன். 'மாதிரி மாறியதற்கான காரணம்' என்ற இடத்தில் பேனாவை வைத்து யோசித்தார்.

"தவறுதலாகன்னு எழுதிடறேன்."

அப்பா அவருடைய சட்டையை மடித்துக்கொண்டு நின்றார். "முப்பத்து மூணு வருஷத்துல உங்ககிட்ட மாட்டினவன் எவனாவது வேணும்னே செஞ்சேன்னு சொன்னானா மச்சான்? அத்தனை பேரும் தவறுதலா சார்னுதானே சொல்லியிருப்பான். எத்தனை பேரை விட்டீங்க?"

மாமா யாரையும் விட்டதில்லை. 'வேண்டுமென்றே' என்று அழகான அரசாங்கக் கையெழுத்தில் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுச் சட்டைக்காகக் கையை நீட்டினார். அப்பா அதைக் கட்டில் மேல் வைத்துவிட்டு வண்டி பிடிக்கப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து, ஒரே நாளில் இரண்டு பதில்கள் வந்தன. கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். தன் உறவினரின் பெயரில் வேண்டுமென்றே மலம் அனுப்பிய ஆளை அவள் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. அவர்கள் பட்டியலில் அந்தக் காரணத்துக்கு இடம் கிடையாது. அதனால் இரண்டு வரிகளையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு 'இதர' என்ற தலைப்பின் கீழ் போட்டுவிடுகிறார்களாம். இன்னொன்று சதைப் பரிசோதனை. புற்றாக மாறத் தொடங்கும் விளிம்பில் இருந்திருக்கிறது, மாறவில்லை. அறுத்த இடத்தில் தண்டு சுத்தம். மூன்று வருடத்தில் மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்து மாமாவின் வீட்டுக்கு நடந்தேன். எங்கள் வீட்டுக்கு அவர் வருவதில்லை. அப்பா வரக் கூடாது என்று சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. கதவுச் சங்கிலியை எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது. கதவைத் திறந்து, கேட்காமல், என் கையிலிருந்த உறையையே பார்த்தார்.

"புத்து இல்ல மாமா. முழுசா எடுத்தாச்சு."

தலையாட்டினார். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டார். அப்படியே நின்றிருந்தால் நான்கூட அவரை மன்னித்திருப்பேன்.

"லேப்காரன் என்ன சொன்னான்? என் சோதனையைப் பத்தி ஏதாவது எழுதினானா?"

'இதர'வில் போட்டுவிட்டதைச் சொன்னேன்.

"இதரயா?" அவர் முகம் சிவந்தது. ஏழு மாத ரத்தத்துக்கு வராத நிறம். "முறையா பொறி வெச்சுப் பிடிச்சிருக்கேன், இதரன்னா என்னம்மா அர்த்தம்? அந்தப் பொண்ணு நம்பரைக் குடு, நான் பேசறேன்."

உறையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன். அவர் வாசலில் நின்று எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார். உயிர் பிழைத்த மனிதர்; பேசத் தெம்பு இருந்தது.